ஒரு ஆங்கிலப் பெயரடையின் பொருளையும் வேரையும் தேடுவது எப்படி: ‘நைஸ்’ என்ற சொல்லை வைத்து ஒரு முழு வழிகாட்டி

கும்பகோணத்தில் மாடி வீடொன்றில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். வகுப்புக்கு வருகிறவர்கள் வாரம் ஒரு சொல்லை எடுத்து, அதன் பொருளையும் பிறப்பையும் ஒரு பக்கத்தில் எழுதிவர வேண்டும். பெயர்ச்சொல் கொடுத்தால் ஓரளவு ஒப்பேற்றிவிடுகிறார்கள். பெயரடை, அதாவது ஒரு பொருளையோ ஆளையோ வர்ணிக்கிற சொல், கொடுத்தால்தான் தடுமாற்றம். அது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நடக்கிறது. கைபேசியை எடுத்ததும் முதலில் வேரைத் தேடுகிறார்கள். வேர் கிடைத்ததும் பொருளை அதற்கு ஏற்றபடி வளைக்கிறார்கள்.

வேரைக் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால்தான் தொட வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள். ஒரு சொல்லுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எடுத்துக்காட்டாக எல்லாருக்கும் தெரிந்த ‘நைஸ்’ சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். தெரிந்த சொல் என்று நினைப்பதுதான் அதில் உள்ள சிக்கலே.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம். சொல்லுக்கு ஒரு முழுப் பக்கம். மேலே நான்கு வரியும் கீழே ஐந்து வரியும் காலியாக விடுங்கள். மேலே வாக்கியம் வரும். கீழ்ப்பகுதி கடைசிப் படிக்கு.

மாணவர்களுக்கான ஆங்கில அகராதி ஒன்று. ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இன்றைய பொருளும் எடுத்துக்காட்டு வாக்கியங்களும் அதில் தெளிவாக இருக்கும்.

வேர்ச்சொல் அகராதி ஒன்று. இலவசமாக வேண்டுமென்றால் எட்டிமான்லைன் என்ற இணையதளம் போதும். பெரிய ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி எல்லாவற்றுக்கும் மேல். 1884இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928இல்தான் முடிந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள். அதை இணையத்தில் முழுதாகப் பார்க்கச் சந்தா வேண்டும், அதனால் தொடக்கத்தில் அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

தமிழ் அகராதி ஒன்று. இதை யாரும் கொண்டுவருவதில்லை, ஆனால் 8ஆம் படியில் இது இல்லாமல் நகர முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். ஃபெப்ரீஷியஸின் தமிழ்-ஆங்கில அகராதியும் அங்கேயே உண்டு. 1779இல் முதலில் வந்த அந்த அகராதியின் பிற்காலப் பதிப்புகள் நம் தரங்கம்பாடியில் வெளியானவை.

மொழிபெயர்ப்புச் செயலி வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டாம். வாக்கியத்தைக் கொடுக்காமல் சொல்லை மட்டும் கொடுத்தால் அது ‘நல்ல’ என்று ஒரே பதிலைத் தரும். அந்த ‘நல்ல’ உங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பது அடுத்த படியிலேயே தெரிந்துவிடும்.

2. சொல்லைத் தனியாகப் பிடிக்காதீர்கள், வாக்கியத்தோடு பிடியுங்கள்

எந்த வாக்கியத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தீர்களோ, அதை அப்படியே பக்கத்தின் மேலே எழுதுங்கள். பெயரடைக்குத் தனியாக நிற்கும் பொருள் குறைவு. பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்தான் அதன் பொருளைத் தீர்மானிக்கிறது.

நம் ‘நல்ல’ என்ற சொல்லையே பாருங்கள். நல்ல பாம்பு, நல்ல தண்ணீர், நல்ல வெயில், நல்ல நேரம். நல்ல பாம்புக்கு நற்குணம் எதுவும் கிடையாது. நல்ல தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீர். நல்ல வெயில் என்றால் மண்டையைப் பிளக்கிற வெயில். நான்கிலும் ஒரே சொல்தான். நான்கையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

‘நைஸ்’ சொல்லுக்கு நான் வகுப்பில் மூன்று வாக்கியங்கள் தருவேன். ‘ஷி இஸ் எ நைஸ் கேர்ள்.’ ‘தேர் இஸ் எ நைஸ் டிஸ்டிங்ஷன் பிட்வீன் தி டூ வேர்ட்ஸ்.’ ‘எ நைஸ் மெஸ் யூ ஹேவ் மேட்!’ முதலாவதை எல்லாரும் சரியாகச் சொல்வார்கள். மூன்றாவதில் கிண்டல் இருக்கிறது என்று பாதிப் பேர் பிடித்துவிடுவார்கள். நம் வீட்டிலும் பாலைப் பொங்கவிட்டால் ‘ரொம்ப நல்லா இருக்கு போ’ என்றுதானே சொல்கிறோம். இரண்டாவதுதான் பொறி. ‘இரண்டு சொல்லுக்கும் நல்ல வேறுபாடு இருக்கிறது’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். அது தவறு. அந்தத் தவறைத் தீர்க்கத்தான் மீதிப் படிகள்.

3. எழுத்துக்கூட்டலைச் சரிபாருங்கள்

காதால் கேட்ட சொல்லைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கே விழுவார்கள். புவியியல் பாடத்தில் வரும் ஒரு பாறைக்கும் ‘நைஸ்’ என்றுதான் உச்சரிப்பு. ஆங்கிலத்தில் அது ‘ஜி’ எழுத்தில் தொடங்கி இரண்டு ‘எஸ்’ஸில் முடியும். ஜெர்மன் மொழியிலிருந்து வந்த சொல், நம் சொல்லோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

பிரான்சில் கடற்கரை ஊர் ஒன்று இருக்கிறது. எழுத்தில் அச்சு அசலாக ‘நைஸ்’ மாதிரியே இருக்கும், உச்சரிப்பு மட்டும் ‘நீஸ்’. ஒரு பையன் அந்த ஊரின் கிரேக்கப் பெயர் வரலாற்றை அரைப் பக்கம் எழுதி வந்து, ‘அழகான ஊர் என்பதால் இந்தப் பெயர் வந்தது’ என்று முடித்திருந்தான். உழைப்பைப் பாராட்டினேன், பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதனால் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதி, அகராதியில் அது பெயரடைதானா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

4. இன்றைய பொருளை முதலில் முடியுங்கள்

மாணவர் அகராதியில் ‘நைஸ்’ பகுதியைத் தொடக்கம் முதல் முடிவு வரை படியுங்கள். 1 என்று போட்டிருக்கும் பொருளோடு நிறுத்தாதீர்கள். அந்த எண் அதிகம் புழங்குவதைக் காட்டுகிறதே ஒழிய, உங்கள் வாக்கியத்துக்குப் பொருந்துவதைக் காட்டவில்லை. இனிமையான, அன்பான என்றெல்லாம் வரிசையாக வந்து, கடைசிப் பக்கம் ‘மிக நுணுக்கமான’ என்ற பொருள் இருக்கும். பக்கத்திலேயே ‘ஃபார்மல்’ என்று ஒரு குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். பேச்சில் அந்தப் பொருள் அதிகம் வராது, கட்டுரையிலும் சட்ட விவாதத்திலும் வரும் என்பதற்கான எச்சரிக்கை அது.

எந்தப் பொருள் பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எதிர்ச்சொல் போட்டுப் பாருங்கள். ‘நைஸ் கேர்ள்’ என்பதற்கு எதிர் முகத்தில் அடித்த மாதிரி பேசுகிற பெண். ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்பதற்கு எதிர் கெட்ட வேறுபாடா? அப்படி ஒன்று கிடையாது. பட்டவர்த்தனமான வேறுபாடு, தூரத்திலிருந்தே தெரிகிற வேறுபாடு, அதுதான் எதிர். அப்படியானால் இங்கே ‘நைஸ்’ என்பது சட்டென்று கண்ணுக்குப் படாத, நூலிழை அளவு வேறுபாடு. பெயரடைகளில் எனக்கு அதிகம் கைகொடுத்த உத்தி இந்த எதிர்ச்சொல் சோதனைதான்.

பொருளைத் தமிழில் ஒரு சொல்லாக எழுதாமல் ஒரு தொடராக எழுதுங்கள். ‘நுணுக்கமான, கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற’ என்பதுபோல. ஒரு சொல்லாக எழுதினால் நாளை அந்தச் சொல்லைத்தான் மனப்பாடம் செய்வீர்கள், வாக்கியம் மறந்துபோகும்.

5. தமிழில் புழங்கும் ‘நைஸ்’ஸை ஓரமாக எழுதி வையுங்கள்

கடன் வாங்கிய சொல் நம்மிடம் வந்தபின் சும்மா இருப்பதில்லை. நாம் பேசும் ‘நைஸ்’ வேறு ஒரு வாழ்க்கை வாழ்கிறது. ‘மாவை நைஸா அரைச்சுக்க.’ ‘கூட்டத்துல நைஸா நழுவிட்டான்.’ ‘நைஸா பேசியே காரியத்தைச் சாதிச்சுட்டாள்.’ இவற்றில் முதலாவது வழுவழுப்பு, மற்ற இரண்டும் ஓசைப்படாத சாமர்த்தியம். இவற்றைப் பக்கத்தின் ஓரத்தில் தனியாகப் பெட்டி கட்டி எழுதுங்கள். இதைச் செய்யாதவர்கள் ‘நைஸ் மேன்’ என்ற ஆங்கிலத் தொடரைத் ‘தந்திரக்காரர்’ என்று புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. ஒருத்தர் புரிந்துகொண்டார்.

ஆனால் ஓரமாக வைப்பது வேறு, தூக்கி எறிவது வேறு. பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள் மாவு மில்லில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் என் மாணவி, கையில் ஊறவைத்து உலர்த்திய பச்சரிசி. ‘நைஸா வேணுமாம்மா, இல்ல ரவை பதமா?’ என்று கேட்டார் மில்காரர். ‘கொழுக்கட்டைக்குண்ணே, நைஸா.’ மாவு குழாய் வழியாகச் சூடாக விழுந்ததும் அவர் ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, ஏதோ ஒரு திருகை இன்னும் கொஞ்சம் முடுக்கி, மறுபடி போட்டார். மாணவியும் தேய்த்துப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு மாவும் ஒன்றாகத்தான் இருந்தன. ‘அவருக்குத் தெரியுது சார், எனக்குத் தெரியல.’ அந்த இரண்டு மாவுக்கும் நடுவில் இருந்ததுதான் ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்றேன். அதற்குப் பிறகு அந்தத் தொடரை நான் அவளுக்கு விளக்க வேண்டி வரவில்லை.

6. இப்போது வேரைப் பாருங்கள், குறியீடுகளைத் தெரிந்துகொண்டு

வேர்ச்சொல் அகராதியின் ஒரு பத்தி ரயில்வே அட்டவணை மாதிரி சுருக்கெழுத்துகளால் நிரம்பியிருக்கும். அவற்றைத் தாவிப் படித்தால் தப்பான ஊரில் இறங்க வேண்டி வரும்.

‘எல்’ என்றால் லத்தீன். ‘ஓ எஃப்’ என்றால் பழைய பிரெஞ்சு. ‘எம் இ’ என்றால் இடைக்கால ஆங்கிலம். ‘<’ குறி இருந்தால், வலப்பக்கம் இருப்பதிலிருந்து இடப்பக்கம் இருப்பது வந்தது. சொல்லின் தலையில் நட்சத்திரம் இருந்தால், அது எந்த ஏட்டிலும் கிடைத்த சொல் இல்லை, மொழியியலாளர்கள் ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம். அதை எழுதும்போது நட்சத்திரத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது ‘சி எஃப்’. அதற்கு ‘ஒப்பிட்டுப் பார்’ என்று மட்டும்தான் பொருள். ‘இதிலிருந்து வந்தது’ என்று பொருள் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காட்டி ‘இவங்களைப் பாரு’ என்றால் அவரை அம்மா என்று சொல்லிவிட்டதாக ஆகுமா?

‘நைஸ்’ சொல்லுக்கு வருவோம். லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றொரு சொல், அறியாத என்று பொருள். ‘நே’ என்றால் இல்லை, ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். அது பழைய பிரெஞ்சுக்கு வந்து இன்றைய எழுத்துக்கூட்டலைப் பெற்று, மூடத்தனமான என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ‘சயின்ஸ்’, ‘கான்ஷியஸ்’ இரண்டும் அதே ‘ஸ்கீரே’யின் வழி வந்தவைதான். அறிவியலுக்கும் ‘நைஸ்’ஸுக்கும் ஒரே பாட்டி என்று சொன்னதும் வகுப்பு சிரிக்கும், ஆனால் உண்மை அதுதான்.

இங்கே நிறுத்திவிட்டு, ‘ஆகவே நைஸ் என்றால் முட்டாள் என்று பொருள்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. வேரைக் கடைசிப் படியாக நான் வைக்காததற்குக் காரணம் இதுதான். இன்னும் மூன்று படி இருக்கிறது.

7. பொருள் மாறிய படிக்கட்டை ஆண்டோடு அடுக்குங்கள்

பக்கத்தின் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் பொருள். ஆண்டு இல்லாமல் பொருளை மட்டும் எழுதினால் எது எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் போகும்.

1300ஐ ஒட்டி, ஆங்கிலத்தில் மூடத்தனமான.
14ஆம் நூற்றாண்டின் கடைசியில், எதிலும் எளிதில் திருப்தி அடையாத, நொள்ளை சொல்கிற.
1400ஐ ஒட்டி, மென்மையான, நயமான.
1500களில், துல்லியமான, நுணுக்கமான.
1769இலிருந்து, இனிமையான.
1830இலிருந்து, அன்பான.

இனிக் கீழிருந்து மேலாகவும் ஒருமுறை படியுங்கள். பக்கத்துப் பக்கத்துப் படிகளுக்கு நடுவில் பாலம் தெரிகிறதா என்று கேளுங்கள். நொள்ளை சொல்கிறவர் எதையும் கூர்ந்து பார்ப்பார். கூர்ந்து பார்ப்பதிலிருந்து துல்லியம் வருகிறது. துல்லியமாகவும் நேர்த்தியாகவும் செய்தது பார்க்க இனிமையாக இருக்கும். பாலம் நிற்கிறது. மூடத்தனத்திலிருந்து நொள்ளைக்குப் போகும் முதல் பாலம் மட்டும் கொஞ்சம் ஆடும். அதை உங்கள் கற்பனையால் முட்டுக்கொடுக்க வேண்டாம். 16, 17ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் இந்தச் சொல்லை எந்தப் பொருளில் எழுதினார்கள் என்று சொல்வது பல இடங்களில் கடினம் என்று பெரிய ஆக்ஸ்போர்டு அகராதியே ஒத்துக்கொள்கிறது. அகராதி தயங்கும் இடத்தில் நீங்களும் தயங்கி எழுதலாம், மதிப்பெண் குறையாது.

இன்னொரு தவறு, பாதிப் படிக்கட்டில் நின்றுவிடுவது. 1817ஆம் ஆண்டு கடைசியில் வெளியான ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபி’ நாவலில் ஹென்றி டில்னி என்ற பாத்திரம், எதற்கெடுத்தாலும் ‘நைஸ்’ என்கிறார்களே என்று கதாநாயகியைச் சீண்டும். ஒருவேளை ஆதியில் அது நேர்த்தியையும் நயத்தையும் மட்டும் குறித்திருக்கலாம் என்று சொல்லும். பேச்சு சுவையாக இருக்கிறது. ஆனால் படிக்கட்டைப் பாருங்கள், அவன் ‘ஆதி’ என்று சொல்வது நடுப்படி. அதற்கும் முன்னால் மூடத்தனம் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் கண்டுபிடித்த பழைய பொருளுக்கும் பழையது ஒன்று இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

8. ஒலி ஒத்துப்போனால் சந்தேகப்படுங்கள்

இங்கே என் சொந்தக் கதை. வகுப்பு தொடங்கிய புதிதில், ‘நயம் என்ற தமிழ்ச் சொல்தான் நைஸ் ஆனது’ என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். எங்கோ படித்தது, கேட்க இனிமையாக இருந்தது. கைதட்டல்கூட விழுந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், ‘அப்ப முதல்ல ஏன் சார் முட்டாள்னு அர்த்தம் இருந்துச்சு?’ என்று கேட்டாள். அவள் வீட்டிலேயே அகராதி பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்குப் பதில் இல்லை.

சரி, சரிபார்ப்பது எப்படி? தமிழ் அகராதியைத் திறங்கள். ‘நய’ என்ற வினைக்கு விரும்புதல் என்ற பொருள், சங்கப் பாடல்களிலேயே ‘நயந்து’ வருகிறது. கடைத்தெருவில் ‘நயம் நல்லெண்ணெய்’ என்றால் கலப்படமில்லாத, உயர்ந்த எண்ணெய். இந்தப் பொருள்கள் 1300இல் இருந்த ஆங்கிலப் பொருளோடு ஒத்துப்போகின்றனவா? இல்லை. இன்றைய பொருளோடு மட்டும் ஒத்துப்போகின்றன. இரண்டு சொல்லும் உறவு என்றால், பழைய காலத்தில்தான் இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும், இங்கே தலைகீழாக இருக்கிறது.

இரண்டாவது கேள்வி, வழி எது? லத்தீனிலிருந்து பிரெஞ்சு, பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் என்று ஏட்டுச் சான்றோடு வழி இருக்கிறது. தமிழிலிருந்து போனதற்கு அப்படி ஒரு வழி காட்ட முடியவில்லை. உண்மையாகவே நம்மிடமிருந்து போன சொற்கள் இருக்கின்றன. மேலணை, கீழணை பற்றிய ஆங்கில ஆவணங்களில் வரும் ‘அனிகட்’ நம் அணைக்கட்டேதான். அதற்கு வழி இருக்கிறது. அணைக்கட்டு இங்கே இருந்தது, ஆங்கிலேயர் இங்கே வந்தார்கள், பொருளும் மாறவில்லை. இல்லாத உறவைக் கொண்டாடினால் இருக்கிற உறவையும் யாரும் நம்பமாட்டார்கள்.

9. மறுபடி முதல் வாக்கியத்துக்கு வாருங்கள்

பக்கத்தின் கீழே விட்ட ஐந்து வரிக்கு இப்போதுதான் வேலை. மேலே எழுதிய வாக்கியத்தைத் தமிழில் எழுதுங்கள். ‘அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே நுணுக்கமான ஒரு வேறுபாடு உண்டு.’ அடுத்த வரியில், படிக்கட்டின் எந்தப் படியிலிருந்து இந்தப் பொருள் வந்தது என்று குறியுங்கள். இங்கே 1500களின் படி.

வேரில் இருந்த பொருளை வாக்கியத்துக்குள் திணிக்காமல் இருப்பதுதான் இந்தப் படியின் வேலை. பாசுரங்களில் ‘நாறும்’ என்றால் மணக்கும். அதற்காக இன்று கல்யாண வீட்டில் சமையல்காரரிடம் ‘சாம்பார் நாறுது’ என்று சொல்லிப் பாருங்கள்.

10. கைப்பழக்கத்துக்கு இன்னொரு சொல்: ‘மியாண்டரிங்’

இதை வேகமாகச் செய்து காட்டுகிறேன். வாக்கியங்கள்: ‘எ மியாண்டரிங் ரிவர்’, ‘எ மியாண்டரிங் ஸ்பீச்’. ஆறென்றால் வளைந்து நெளிந்து ஓடுகிற ஆறு. பேச்சென்றால் எங்கே போகிறதென்று தெரியாமல் அலைகிற பேச்சு. இதைச் ‘சுற்றி வளைத்துப் பேசுவது’ என்று எழுதாதீர்கள். சுற்றி வளைப்பவருக்குப் போய்ச் சேரும் இடம் தெரியும், சொல்லத்தான் தயக்கம். மியாண்டரிங் பேச்சுக்கு அப்படி ஓர் இடமே இல்லை.

வேருக்கு வந்தால், பலர் சொல்லை ‘மி’ என்றும் ‘வாண்டர்’ என்றும் உடைக்கப் பார்ப்பார்கள். அலைதல் என்ற பொருளும் ஒத்துப்போவதால் ஆசையாகத்தான் இருக்கும். 8ஆம் படியை நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் இது ஓர் ஆற்றின் பெயர். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் ஓடி ஏஜியன் கடலில் கலக்கும் ஆற்றைக் கிரேக்கர்கள் ‘மையாண்ட்ரோஸ்’ என்றார்கள், இன்று அது ‘பெரிய மெண்டெரெஸ்’. அதன் வளைவுகள் அவ்வளவு பேர்போனவை என்பதால் ஆற்றின் பெயரே வளைவுக்குப் பெயராகி, லத்தீன் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. உடைக்க முடியாத சொல்லும் உண்டு. பகுதி விகுதி தேடுவதற்கு முன், இது யாருடைய பெயராவது அல்லது எதனுடைய பெயராவது ஆகுமா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கடைசி வரிகளில் உங்கள் கண்ணுக்குத் தெரிந்த ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். நான் அரசலாற்றை எழுதுவேன். அளந்து வெட்டிய வாய்க்காலுக்கு இந்தச் சொல் ஒட்டாது.

அடுத்த பக்கத்துக்கு நீங்களே செய்ய ஒன்று: ‘ஃபைன்’. நெல் கொள்முதல் நிலையத்தில் நாம் சன்ன ரகம் என்பது ஆங்கிலத்தில் ‘ஃபைன்’. தலைக்கவசம் போடாமல் போனால் கட்டுவதும் ‘ஃபைன்’. எழுத்துக்கூட்டல் இரண்டுக்கும் ஒன்று. ‘நைஸ்’ஸும் பாறையும் மாதிரி இவை வேறு வேறு என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். லத்தீனில் முடிவு என்று பொருள்படும் ‘ஃபீனிஸ்’ என்ற சொல்லிலிருந்து தொடங்கி, இரண்டு படிக்கட்டு தனித்தனியாகப் போடுங்கள்.